பெரியப்பாவின் இடது கையும் எங்கல்பார்ட்டின் ஐந்து விசையும்

கேள்வி: கொழும்பில் கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு வெள்ளவத்தை. காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அப்பாவுக்கு ஒரு கொம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். வகுப்பில் டக்ளஸ் எங்கல்பார்ட் பற்றி எழுதச் சொன்னார்கள். மௌஸைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும்தான் தெரிந்திருந்தது. 1968இல் அவர் செய்துகாட்டியதன் பதிவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நித்திரை இல்லை. பிறகு மனம் சோர்ந்துவிட்டது. அவருக்கு அமெரிக்கா, ஆய்வுகூடம், அரசாங்கப் பணம். எனக்குக் கடையில் ஒரு பழைய கணினி. இப்போது ஏ.ஐ. வேறு வந்து எல்லாவற்றையும் செய்கிறது. புரொஜெக்டுக்கு நான் கொடுத்த மூன்று யோசனைகளையும் “இதில் புதிதாக என்ன இருக்கு?” என்று சேர் திருப்பித் தந்துவிட்டார். கண்டுபிடிப்பாளர்களைப் படித்து ஊக்கம் பெறுங்கள் என்கிறார்கள். அந்த ஊக்கத்தை வைத்து என்ன செய்வது? கடையில் டைப்பிங் பார்த்த பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதால் பின்னேரங்களில் நானும் கடையில் நிற்கிறேன். முந்தி அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர், இப்போது இடது கை ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறார். அது வேறு கதை.
– வெள்ளவத்தை வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

“அது வேறு கதை” என்று முடித்திருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அங்கே பிறகு வருவோம். முதலில் ஊக்கம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

எங்கல்பார்ட்டுக்கு அது எப்படி வந்தது என்று பாருங்கள். 1945, அவருக்கு இருபது வயது. அமெரிக்கக் கடற்படையின் ராடார் தொழில்நுட்பவியலாளராகப் பிலிப்பைன்ஸில் இருக்கிறார். லெய்ட்டே தீவில் கால் நட்டு உயர்த்திக் கட்டிய ஒரு குடிலில் செஞ்சிலுவைச் சங்கம் வாசிகசாலை வைத்திருந்தது. அங்கே கிடந்த சஞ்சிகையில் வன்னவார் புஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதிய கட்டுரை ஒன்றை வாசிக்கிறார். அறிவு மலைபோலக் குவிகிறது, வேண்டியதை எடுக்கத்தான் வழியில்லை, நூல்களை நுண்படச் சுருளில் வைத்து ஒன்றை மற்றதோடு தொடுத்துக்கொண்டு போகிற ஒரு மேசை வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். வாசித்தார், வியந்தார். ஊருக்குத் திரும்பிப் படிப்பை முடித்து வேலைக்குப் போனார். ஐந்து வருடம் அந்தக் கட்டுரையை வைத்து அவர் எதுவும் செய்யவில்லை.

1950 டிசம்பர். கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஒரு காலையில் வேலைக்குக் கார் ஓட்டிப் போகும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறார்: படிப்பு முடிந்தது, வேலை இருக்கிறது, கலியாணமும் ஆகப்போகிறது, இனிச் செய்ய என்ன மிச்சம்? அந்த யோசனையில்தான் பழைய ராடார் திரை கைகொடுத்தது. கணினி என்றால் துளையட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. ராடாரில் வருகிற சமிக்ஞையைத் திரையில் காட்ட முடிகிறதே, கணினி ஏன் எழுத்தையும் படத்தையும் திரையில் காட்டக் கூடாது? மனிதர் அதன் முன்னால் உட்கார்ந்து ஏன் யோசிக்கக் கூடாது? இதை அவர் முழு அறிக்கையாக எழுதி முடித்தது 1962இல். அந்த வருடம்தான் புஷ்ஷுக்கும் கடிதம் எழுதினார். பதினேழு வருடம், தம்பி. நீங்கள் இரண்டு நாள் நித்திரை கொள்ளாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சோர்ந்ததற்கு நான் கவலைப்படவில்லை.

இனி மௌஸ். அதைப் பெரிய விளக்கொன்று எரிந்த கதையாகச் சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள். திரையில் ஒரு சொல்லைச் சுட்டிக் காட்ட எது நல்லது என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. 1964இல் பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் முதல் மௌஸைச் செய்தார். மரக்கட்டை ஒன்று, அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சில்லு, மேலே ஒரு பொத்தான், வால்போல வயர். அதோடு “கண்டுபிடித்துவிட்டோம்” என்று அவர்கள் கைதட்டவில்லை. ஒளிப்பேனா, ஜோய்ஸ்டிக் போன்றவற்றோடு மேசைக்கு அடியில் முழங்காலால் ஆட்டுகிற ஒரு கருவியையும் வரிசையாக வைத்து, ஆட்களை உட்காரவைத்து, நேரத்தையும் பிழையையும் அளந்தார்கள். பழகியவர்களிடம் மௌஸ்தான் முன்னுக்கு வந்தது. முதல் தடவை தொட்டவர்களிடமோ ஒளிப்பேனாவும் அந்த முழங்கால் கருவியும் மௌஸைவிட வேகமாக இருந்தன! இதை ஒரு பக்கத்தில் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும்.

அளப்பது, பக்கத்தில் இருந்து பார்ப்பது என்கிற இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்குப் பற்றுச்சீட்டுப் பதிகிற மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். திரை நல்ல வடிவாக இருந்தது. அங்கே பதிவு வேலை பார்த்த அக்கா மாத்திரம் ஒவ்வொரு கிழமையும் முறைப்பாடு. ஒரு நாள் அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து எண்ணினேன். ஒரு பற்றுச்சீட்டுக்கு 11 தடவை கையை விசைப்பலகையில் இருந்து எடுத்து மௌஸுக்குக் கொண்டுபோனார். ஒரு நாளில் எத்தனை பற்றுச்சீட்டு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டியைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் அந்த மென்பொருளை மூன்று மாதம் எழுதினோம். அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் அவர் பக்கத்தில் போய் இருக்கவில்லை.

சரி, நீங்கள் பார்த்த 1968 டிசம்பர் 9ஆம் திகதிப் பதிவுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ மண்டபம், ஏறத்தாழ ஆயிரம் பேர், ஒன்றரை மணி நேரம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் திரையில் போட்டது என்ன என்று நினைவிருக்கிறதா? வீட்டுச் சாமான் பட்டியல். வாழைப்பழம், கரட், சூப். அதை வகைவகையாகப் பிரித்து, வீட்டுக்குப் போகிற வழியில் எந்தெந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று படமும் போட்டுக் காட்டினார். வலது கையில் மௌஸ். இடது கை என்ன செய்துகொண்டிருந்தது? அதை அநேகமானோர் கவனிப்பதில்லை. நீங்களும் எழுதவில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள். இடது கைக்கு அடியில் பியானோக் கட்டைபோல ஐந்து விசை இருக்கிறது. ஐந்து விரலுக்கு ஐந்து. ஒன்றையோ பலதையோ சேர்த்து அமுக்கினால் ஓர் எழுத்து விழும். மௌஸிலிருந்து வலது கையை எடுக்காமல் இடது கையால் எழுதுவதற்கு என்று செய்தது. (அந்த அக்காவின் மணிக்கட்டு எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது.)

மௌஸ் உலகம் முழுக்கப் போனது. பில் இங்கிலிஷ் 1971இல் செரொக்ஸின் ஆய்வுகூடத்துக்கு மாறினார், மற்றவர்களும் போனார்கள், 1984இல் ஆப்பிளின் மக்கின்டோஷ் கணினி மௌஸோடு வந்தது. மௌஸின் காப்புரிமை எங்கல்பார்ட் வேலை செய்த நிறுவனத்திடம் இருந்தது. எங்கல்பார்ட்டுக்கு அதில் ரோயல்டி ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்த ஐந்து விசை அநேகமாக அப்படியே நின்றுவிட்டது. பழக வேண்டுமே என்று ஆட்கள் பின்வாங்கினார்கள். எங்கல்பார்ட் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பழகத் தேவையில்லை என்பதற்காக மூன்று சில்லுச் சைக்கிளோடு நின்றுவிடுவீர்களா என்பது அவருடைய வாதம். அதில் கொஞ்சம் பிடிவாதமும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். விற்கிறவனுக்கு அந்தப் பேச்சு உதவாது.

என் கருத்து இதுதான். ஒரு கண்டுபிடிப்பாளரைப் படிக்கும்போது ஊர் எடுத்துக்கொண்டதைப் பார்த்து வாயைப் பிளப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை, அது ஏற்கெனவே செலவாகிவிட்ட காசு. ஊர் விட்டுவிட்டுப் போன மிச்சத்தைப் பாருங்கள். அன்றைக்கு ஏன் விட்டார்கள், அந்தக் காரணம் உங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

இப்போது பெரியப்பாவுக்கு வருகிறேன்.

ஐந்து விரல். ஒவ்வொன்றும் அமுங்கியிருக்கும் அல்லது அமுங்காதிருக்கும். மொத்தம் 32 நிலை. ஒன்றையும் அமுக்காததைக் கழித்தால் 31. எங்கல்பார்ட்டின் ஆட்கள் ஆங்கிலத்தின் 26 எழுத்தையும் வைத்தபிறகு மிஞ்சிய ஐந்தை இடைவெளி, முற்றுப்புள்ளி போன்றவற்றுக்குக் கொடுத்தார்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டிப் பாருங்கள்.

நானும் கூட்டிவிட்டுச் சிரித்தேன். தற்செயல்தான், தொல்காப்பியர் காலத்திலேயே கணினி இருந்தது என்று முகநூலில் போட்டுவிடாதீர்கள். ஆனால் தற்செயலாகக் கிடைத்ததையும் பாவிக்கலாம்.

யாழ்ப்பாணத்து முத்தையாவின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், தமிழுக்குத் தட்டச்சுப் பொறி செய்தவர். 247 எழுத்தை நாற்பது சொச்சம் விசைக்குள் எப்படி அடக்குவது? புள்ளிக்கும் இகர ஈகரக் குறிகளுக்கும் நகரா விசை வைத்தார். அதை அடித்தால் பொறியின் வண்டி நகராது, அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில் வந்து விழும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று நாங்கள் வாய்ப்பாடாகப் படித்ததை அவர் இரும்பில் செய்துகாட்டினார். நீங்கள் செய்யப்போவதும் அதைத்தான், இரும்புக்குப் பதிலாக ஐந்து பொத்தானில்.

வேலையைச் சொல்கிறேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஐந்து அமுக்கு பொத்தானும், ஆர்டுயினோ லியொனார்டோ போல, கணினிக்குத் தன்னை விசைப்பலகை என்று காட்டக்கூடிய ஒரு பலகையும் வாங்குங்கள். இந்தப் பலகை நேரடியாக யூனிக்கோடு எழுத்தை (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீடு) அனுப்பாது, விசை எண்ணைத்தான் அனுப்பும். அதனால் கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுவிட்டு, பலகை தமிழ்99 விசைகளை அனுப்பும்படி எழுதுங்கள். மெய்யையும் உயிரையும் சேர்த்து உயிர்மெய் ஆக்குகிற வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். விழுவதும் யூனிக்கோடாகவே விழும். உங்கள் கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தை ஒன்லைன் படிவத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “தமிழ்” என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குப்பை வந்து நிற்கும். அந்தத் தலையிடியும் இதோடு போகும்.

இடறுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 31ஐயும் எழுத்துக்கே கொடுத்துவிட்டால் புள்ளிக்கு இடமில்லை. ஆய்தத்தையும் புள்ளியையும் ஒரே அமுக்கில் வைக்கலாம்: முன்னால் மெய் வந்திருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் ஆய்தம். “எஃகு” ஒழுங்காக வரும். “பஃறுளி” என்று அடித்தால் “ப்” ஆகிவிடும், அதற்கு நடுவில் ஓர் “அ” அமுக்க வேண்டியிருக்கும். பஃறுளி ஆற்றைப் பற்றி உங்கள் கடையில் யாரும் விண்ணப்பம் கொடுக்கப்போவதில்லை என்பதால் இதற்காக நித்திரை கெட வேண்டாம். அதைவிடப் பெரிய சிக்கல், இடைவெளி எங்கே, அழிப்பது எங்கே, இலக்கங்கள் எங்கே, ஜ, ஸ, ஷ, ஹ எங்கே? எங்கல்பார்ட் மௌஸின் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி அடுத்த அடுக்குக்குப் போனார். பெரியப்பாவுக்கு வலது கை இல்லை. கால் இருக்கிறதே!

முழங்கால் கருவி என்று குறித்துவைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. மேசைக்கு அடியில் தையல் மெஷின் மிதிபோல ஒன்றை இடது காலுக்கு வையுங்கள். வெறுமனே தட்டினால் இடைவெளி. மிதித்துக்கொண்டு விரலை அமுக்கினால் இரண்டாம் அடுக்கு, அங்கே இன்னும் 31 இடம். அன்றைக்கு மௌஸுக்கு இடம்விட்டு ஒதுங்கிய கருவி, ஒரு கை இயங்காத மனிதருக்கு இன்றைக்குச் சரியாகப் பொருந்தலாம். பொருந்தாமலும் போகலாம். அதைக் கண்டறிவதுதான் புரொஜெக்ட்.

“குரலில் சொன்னால் ஃபோனே தமிழில் எழுதுகிறதே, பிறகு இது எதற்கு?” என்று சேர் கேட்பார். கேட்க வேண்டும். ஏ.ஐ. எல்லாவற்றையும் செய்கிறது என்ற உங்கள் வரிக்கும் இதுவே பதில். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னென்ன எழுதச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். அடையாள அட்டை இலக்கம், கடன் விவரம், பொலிஸ் முறைப்பாடு, புருஷன் பெண்சாதிப் பிரச்சினை. போட்டோக்கொப்பிக்கு நாலு பேர் வரிசையில் நிற்கும்போது அதையெல்லாம் பெரியப்பா ஃபோனுக்குச் சத்தமாகச் சொல்ல முடியுமா? பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சுத் தெளிவாக இருக்கிறதா என்பதும் ஒரு விஷயம். ஆனாலும் குரல் வழியைத் தள்ளிவிடாதீர்கள், போட்டியில் சேருங்கள். ஒரு விரல் டைப்பிங், ஃபோனில் பெருவிரல், குரல், உங்கள் ஐந்து விசை. நாலுக்கும் ஒரே மாதிரியான கடிதங்களைக் கொடுத்து நேரத்தையும் பிழையையும் குறியுங்கள். குறைந்தது நாலைந்து கிழமை, தினமும் கொஞ்ச நேரம். முதல் நாள் உங்கள் கருவி கேவலமாகத் தோற்கும். மௌஸும் புதியவர்களிடம் பின்தங்கியது என்ற அந்தப் பழைய அளவீட்டை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி நாளிலும் தோற்றால் அதையும் அப்படியே எழுதிக் கொடுங்கள், நல்ல மேற்பார்வையாளர் அதற்குப் புள்ளி குறைக்கமாட்டார். ஒரு கையால், ஐந்து விசையில், தமிழுக்கு அளந்து பார்த்த கணக்கு என்று போய்ச் சொன்னால் “புதிதாக என்ன?” என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

பணம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உண்மை, மறுக்கமாட்டேன். எங்கல்பார்ட்டுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் பணம் கொடுத்தன. ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கொழும்பில் நடந்ததையும் பாருங்கள். காணாமல் போனவர்களைத் தேட வேண்டும், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த லொறி எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். இங்கிருந்த மென்பொருள் ஆட்கள் தொண்டாகச் சேர்ந்து சில கிழமைக்குள் எழுதியதுதான் சஹானா. நிவாரணம் என்பதற்குரிய சிங்களச் சொல் அது. மறுவருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அதைப் பாவித்தார்கள். அவசரமான, சிக்கலான பிரச்சினையை ஆட்கள் கூடித் தீர்க்கக் கணினி உதவ வேண்டும் என்பதுதான் எங்கல்பார்ட் ஆயுள் முழுக்கச் சொன்னது. அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று இவர்கள் உட்காரவில்லை. ஆட்களைத் தேட வேண்டியிருந்தது, உட்கார்ந்தார்கள்.

நீங்கள் தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். பெரியப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிற சிகிச்சையாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். இருக்கிற ஒரு கையையும் வருத்திவிடக் கூடாது. மற்றது, பெரியப்பாவிடமே கேளுங்கள். அவரை வைத்துப் பரிசோதனை செய்கிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம். உண்மையில் அவரிடம் உங்களுக்கு வேலை இருக்கிறது.

எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று இன்னும் முடிவு செய்யவில்லையே. எங்கல்பார்ட்டின் ஆட்கள் அகரவரிசையைத் துவித எண் வரிசையில் அப்படியே அடுக்கினார்கள். முதல் எழுத்துக்கு ஒரு விரல், இரண்டாவதுக்கு அடுத்த விரல், மூன்றாவதுக்கு அந்த இரண்டும். கணினிக்காரனுக்கு அது வசதி, விரலுக்கு இல்லை. அடிக்கடி வருகிற எழுத்துக்குச் சுலபமான அமுக்கு வர வேண்டும், மோதிர விரலைத் தனியாக அமுக்குவதெல்லாம் அபூர்வமாக வருகிற எழுத்துக்குப் போக வேண்டும். தமிழில் எது அடிக்கடி வருகிறது என்று கடைக் கடிதங்களைக் கணினியில் போட்டு எண்ணலாம், அதையும் செய்யுங்கள். ஆனால் ஈய எழுத்துக் கோர்த்தவர்கள் கையெட்டுகிற தூரத்தில், பெரிய அறைகளில் எதை வைத்தார்கள், ஓரத்துச் சின்ன அறைகளில் எதைத் தள்ளினார்கள் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். இந்தச் சனிக்கிழமை கடை பூட்டியபிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவருடைய இடது கைப் பக்கமாக வைத்து, அச்சகத்து எழுத்துப் பெட்டியை வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்கள்.